திரையில் தெரிபவரா? தெருவில் நடந்தவரா?

   

பிள்ளைகளுக்கு முன்மாதிரி, திரையில் தெரிபவரா, தெருவில் நடந்தவரா என்பது கேள்வி. எதிரணித் தம்பி சொன்னார், "எங்க நாயகனும் உழைச்சுத்தான் மேல வந்தார்" என்று. உண்மை, மறுக்கலை. ஆனா படத்துல அவர் தர்மம் செய்யறாரே, அந்தக் காசு யாருடையது? தயாரிப்பாளருடையது! (சிரிப்பு)

எங்க ஊர்லேருந்து பஸ் ஏறினா ராஜபாளையம். அங்கே 1898இல் பிறந்தவர் பூ.ச. குமாரசாமி ராஜா. சின்ன வயசுலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சர். பின்னாலே ஒரிசா கவர்னர். அவர் தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டார். நம்ம மாவட்டத்து விருதுநகரில் பிறந்த காமராஜரோ, முதலமைச்சராக இருந்தபோது, தம் தாயார் வீட்டுக்கு மட்டும் தனியாகப் போட்ட குடிநீர்க் குழாயை எடுக்கச் சொன்னார். 1963இல் அந்தப் பதவியையும் தாமாகவே விட்டார்.

முன்மாதிரி தேடுகிற பெற்றோரே! ஒருவர் என்ன சம்பாதிச்சார்னு பார்க்காதீங்க. எதை விட்டுக்கொடுத்தார்னு பாருங்க. அதுதான் உரைகல்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? ஒரு நாள் என் மகனைக் கூட்டிக்கிட்டு அந்த மன்றத்தைக் காட்டப் போனேன். அவனுக்குப் பன்னிரண்டு முடிஞ்சு பதிமூணு நடக்குது. முழு டிக்கெட் எடுக்கணும். நான் கண்டக்டரிடம், "பதினொண்ணுதாங்க ஆகுது" என்று சொல்லி அரை டிக்கெட் வாங்கினேன். பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பேசலை.

மன்றத்து வாசல்ல நின்னு, "பாருடா, இருந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்த மனுஷன்" என்று பெருமையா சொன்னேன். அப்பதான் வாயைத் திறந்தான்:

"அவர் வீட்டையே கொடுத்தாரு. நாம முழு டிக்கெட்டுக்குக்கூடக் காசு கொடுக்கலையேப்பா?"

அய்யா, அந்த வாசல்ல நான் கூனிக் குறுகிப் போனேன். அவன் குமாரசாமி ராஜாவைப் பார்க்கலை, என்னையில்ல பார்த்துக்கிட்டிருந்தான்!

திரும்பி வரும்போது இரண்டு முழு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர், "சின்னப் பையன்தானே, அரை போதாதா?" என்றார். "இல்லைங்க, பதிமூணு நடக்குது" என்றேன். என் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சான். (கைதட்டல்)

அதனாலே நடுவர் அவர்களே, தெருவில் நடந்த பெரியவரைத்தான் பிள்ளைக்குக் காட்டணும். ஏன்னா அவர் நடந்த வழியில நாமும் நடக்கலாம். ஆனா, "நீ போ" என்று பிள்ளையை மட்டும் அனுப்பாம, முதல் ஆளா நாம நடக்கணும். பின்னாலேயே அவன் வருவான்.