பட்டறையைத் திறந்துவிடுங்கள்



பிளஸ் டூ மாணவனைக் கூப்பிட்டுப் பொறியியல் கட் ஆஃப் எப்படிப் போடுவது என்று கேளுங்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200 என்று தூக்கத்தில்கூடச் சொல்வான். மெக்கானிக்கல் படித்தவர் என்னதான் வேலை செய்வார் என்று அவனையே கேளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதைச் சொல்வான். ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் பிடிக்காமல் நான்கு வருடப் படிப்பை முடிவு செய்கிறோம். கல்யாணத்துக்காவது பெண் பார்க்கும் சடங்கு ஒன்று வைத்திருக்கிறோம்!

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021-ல் வந்தது. நல்ல காரியம். ஆனால் எந்தப் பிரிவைக் கேட்பது என்பதை அந்தப் பிள்ளை எங்கே போய்த் தெரிந்துகொள்ளும்? அதற்கு வழி செய்யவேண்டியவை பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும்தான் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. இருக்கிறது. கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த அமெரிக்க எம்.ஐ.டி.யில் கடல் ஆய்வுக்கென்று இயங்கும் சீ கிராண்ட் திட்டத்தார், 2003-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக 'சீபெர்ச்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தண்ணீருக்கடியில் ஓடும் சின்ன ரோபோவைப் பிள்ளைகளே செய்யவேண்டும். அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம் பணம் கொடுத்தது. கடற்படைப் பணம் என்றதும் என்னென்னவோ நினைப்பீர்கள். சாமான் பட்டியலைக் கேளுங்கள்: பிவிசி பைப், எல்போ, டீ இணைப்புகள், மூன்று சின்ன மோட்டார், 12 வோல்ட் பேட்டரி, நீளமாக ஒரு ஒயர். பாதி நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மீதிக்குச் சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்.

மோட்டாருக்குள் தண்ணீர் போகக்கூடாது, என்ன செய்வது? முன்பெல்லாம் கேமரா பிலிம் ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பியில் வரும், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதில் மோட்டாரை வைத்துச் சுற்றிலும் மெழுகை அடைத்துவிட்டார்கள். மோட்டார் உடம்பில் இருக்கும் ஓட்டைகளை முதலில் டேப் போட்டு மூடவேண்டும். மறந்தால் மெழுகு உள்ளே இறங்கி மோட்டார் சுற்றாது, பிரித்து மறுபடி முதலிலிருந்து.

அடுத்து, தண்ணீரில் விட்டால் ஒன்று மேலேயே மிதக்கும், இல்லை அடியில் போய் உட்காரும். இரண்டும் ஆகாது, விட்ட ஆழத்தில் நிற்கவேண்டும். பைப்பில் துளை போட்டு உள்ளே தண்ணீர் ஏறவிடு, ஃபோம் துண்டைக் கட்டு, கொஞ்சம் வெட்டு, திரும்ப விட்டுப் பார். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை இரண்டு மார்க்குக்கு எழுதிய பிள்ளை, ஆர்க்கிமிடிஸோடு மல்லுக்கு நிற்பது அன்றைக்குத்தான்.

நம் செய்முறைத் தேர்வில் விடை முன்கூட்டியே தெரியும். தனி ஊசல் சோதனையில் g மதிப்பு 9.8 வராவிட்டால் நோட்டில் எண்களைத் திருத்தி வரவழைத்துவிடுவோம். இங்கே இருக்கும் ஆசிரியர்கள் சிரிப்பதைப் பார்த்தால் எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் போலிருக்கிறது! மூழ்குகிற ரோபோவிடம் அந்த வேலை பலிக்காது.

நம் கல்லூரிகளும் பள்ளிப் பிள்ளைகளை அழைக்காமல் இல்லை. பஸ் அனுப்புவார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் தருவார்கள், "தொடாதீர்கள்" என்று எழுதிய மெஷின்களைச் சுற்றிக்காட்டுவார்கள், கையில் ஒரு சான்றிதழும் அட்மிஷன் நோட்டீஸும் கொடுத்து அனுப்புவார்கள். அதை அறிமுகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விளம்பரம் என்று சொல்லலாம்.

இத்தனைக்கும் அதே கல்லூரிகளின் முதலாண்டுப் பொறியியல் பயிற்சிக் கூடத்தில் என்ன சொல்லித்தருகிறோம்? பைப் இணைப்பு, மரவேலை, வீட்டு ஒயரிங், சால்டரிங். சீபெர்ச் செய்யத் தேவையான வேலைகளில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிட்டது. புதிதாக ஒரு கட்டடமும் வேண்டாம். பிளம்பர் வீட்டுப் பிள்ளையும் எலக்ட்ரீஷியன் வீட்டுப் பிள்ளையும் இங்கே வந்தால், முதல் நாளிலேயே மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் இடத்தில் நிற்பார்கள். சால்டரிங் அயர்ன் கையைச் சுடுமே என்று கேட்பீர்கள். சுடும்தான். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு லேப் உதவியாளர் கூடவே நிற்கட்டும், அவருக்கு விடுமுறை நாள் படியைக் கல்லூரி கொடுக்கட்டும்.

கல்லூரி முதல்வர் அவர்களே, உங்களிடம் இரண்டு கோரிக்கை. மே மாதத்தில் ஒரு வாரம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பட்டறையைத் திறந்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குள் பெண் பிள்ளைகளை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கக் கல்லூரி பஸ்ஸைக் கொடுங்கள். தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சிமெண்ட் தொட்டிக்குத் தலைமையாசிரியர்கள் பொறுப்பு. எந்த வாரம் என்பதை இந்த மேடையிலேயே அறிவித்துவிட்டால், ஊர் திரும்புமுன் பெயர்ப் பட்டியலை வாங்கிவிடலாம். மைக்கை உங்களிடம் தருகிறேன்.