நாலெட்ஜ் படித்தவர்கள்

துணைவேந்தர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, பின்வரிசையிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கும் பெற்றோர்களே, வணக்கம்.

உங்கள் தேர்வைவிடக் கடினமான ஒரு தேர்வைப் பற்றிச் சொல்கிறேன். லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால் ‘நாலெட்ஜ்’ தேற வேண்டும். சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்கள் மனப்பாடமாக வேண்டும். தேர்வாளர் இரண்டு இடங்களைச் சொல்வார். எந்தத் தெருவில் கிளம்பி, எங்கே திரும்பி, எப்படிப் போய்ச் சேர்வது என்று எதிரே உட்கார்ந்து வாயாலேயே ஓட்டிக்காட்ட வேண்டும். இதற்காக மூன்று நான்கு ஆண்டுகள் மழையிலும் குளிரிலும் ஸ்கூட்டரில் சுற்றுகிறார்கள்.

இந்த ஓட்டுநர்களின் மூளையை யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் ஆய்வாளர் எலினார் மகுவாயர் படம்பிடித்துப் பார்த்தார். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி, மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. இது 2000-இல் வெளியானது. உடனே ஒரு சந்தேகம் வரும்: பிறவியிலேயே அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் டாக்சி ஓட்ட வருகிறார்களோ? நியாயமான சந்தேகம்.

அதனால் அவரும் சக ஆய்வாளர் கேத்தரின் வூலட்டும், நாலெட்ஜுக்குப் படிக்கப்போகும் 79 பேரைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். அப்போது அவர்கள் மூளைக்கும் மற்றவர்கள் மூளைக்கும் வித்தியாசமே இல்லை. சில ஆண்டுகள் கழித்து 39 பேர் தேறினார்கள். அந்த 39 பேருக்குத்தான் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. படித்தும் தேறாதவர்களுக்கு வளரவில்லை. அவர்கள் வாரத்தில் படித்த நேரம், தேறியவர்கள் படித்ததில் ஏறக்குறைய பாதிதான். இவர்கள் யாரும் பள்ளிப் பிள்ளைகள் இல்லை, வளர்ந்த ஆட்கள். ஐந்தில் வளையாதது என்று யாராவது ஆரம்பித்தால் இந்த 39 பேரைக் காட்டுங்கள்.

2011-இல் வந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம், பலரும் சொல்லாமல் விடும் இடம். சிக்கலான ஒரு கோட்டுச் சித்திரத்தைக் காட்டி, சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னபோது, தேறியவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். தெருக்கள் உள்ளே வந்தபோது வேறு ஏதோ இடம் விட்டிருக்கிறது.

இந்தப் பட்டத்துக்கு உங்களிடமிருந்து எது இடம் விட்டது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேளுங்கள். அவரிடம் நீண்ட பட்டியலே இருக்கும்.