ஆவணம் காப்போம்

 

பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், நிலப் பட்டா ஆகிய மூன்றும் நமக்கு வெறுங் காகிதங்கள் அல்ல, உரிமையின் வேர்கள். 1892-ஆம் ஆண்டு அரசாணையின்படி நம் மக்களுக்கென ஒதுக்கப்பெற்ற பஞ்சமி நிலங்களுள் பல இன்று பிறர் கையில் உள்ளன. அவற்றை மீட்கப் போராடுவோரிடம் முதலில் கேட்கப்படுவது ஆவணமே. பண்டித அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய 'தமிழன்' இதழின் எழுத்துகள் 1999-இல் தொகுப்பு நூலாக வெளிவர இயன்றதும், பழைய இதழ்களை அன்பர்கள் பேணி வைத்தமையால்தான்.

நம் சங்கப் பதிவேடுகளையும் இனிக் கணிப்பொறியில் ஏற்றிக் காத்தல் வேண்டும். அவற்றை எதில் பதிந்து வைப்பது?

1990-களில் இரு வழிகள் இருந்தன. ஒன்று, கழற்றி எடுத்துச் செல்லத்தக்க ஜிப் காந்தத் தகடு. தொடக்கத்தில் அதன் கொள்ளளவு 100 மெகாபைட். எழுதலாம், அழிக்கலாம், மீண்டும் எழுதலாம். அன்றாடக் கணக்கிற்கு அது ஏற்றது. மற்றொன்று, பதிவுக் குறுந்தகடு. கொள்ளளவு 650 மெகாபைட். லேசர் ஒளி அதன் சாயப் படலத்தில் இடும் அடையாளத்தை மாற்றி எழுத இயலாது. சான்றாக நிற்க வேண்டிய பதிவேட்டுக்கு இத்தன்மை பெருஞ் சிறப்பு. வெயிலும் கீறலும் அதன் பகைகள்.

ஜிப் தகட்டைப் படிக்க அதற்கென்றே ஒரு கருவி வேண்டும். பென் டிரைவ் பரவியபின் அக்கருவி கடைகளினின்று மறைந்தது. தகடு இருந்தும் படிப்பார் இல்லை. குறுந்தகடோ எங்கும் படிக்கப்பெற்றது. ஆயினும் இன்று புதிய மடிக்கணினிகள் பலவற்றில் குறுந்தகடு இடும் வாயில் இல்லை. பூட்டு இருந்து திறவுகோல் தொலைந்த பெட்டி யாருக்குப் பயன்?

ஆகவே, எப்பொருளையும் நிலையானதென நம்பிவிட வேண்டா. ஒவ்வோர் ஆவணத்துக்கும் மூன்று படிகள் செய்வோம். கையடக்க ஹார்டு டிஸ்கில் ஒன்று, குறுந்தகட்டில் ஒன்று; மூன்றாவது படி கோவைக்கு வெளியே, பொள்ளாச்சியிலோ அவிநாசியிலோ இருக்கட்டும். ஆண்டுதோறும் அவற்றைத் திறந்து படித்துப் பார்ப்போம். பழைய கருவி மறையுமுன் புதியதற்கு மாற்றுவோம். மூலக் காகிதத்தை ஒருநாளும் எறியோம்.

இளைஞர்களே! இப்பணியை உங்கள் கைகளில் ஒப்படைக்கின்றோம். முன்னோர் அரும்பாடுபட்டுப் பெற்ற சான்றுகள் நம் காலத்தில் அழிந்தன என்னும் பழி நமக்கு வேண்டா.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!