பெண்களுக்கும் தசை வேண்டும்

நம் குடியிருப்பின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



உடற்பயிற்சி பற்றிப் பேசுகிறேன் என்று செயலாளர் சாரிடம் சொன்னபோது, "யோகாவாம்மா?" என்று கேட்டார். "இல்லை சார், பாடிபில்டிங்" என்றேன். சிரித்துக்கொண்டே, "சரி, பேசுங்க" என்றார். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் பத்து நிமிஷம் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஹைதராபாத்தில் கிரண் டெம்ப்ளா என்று ஒருவர் இருக்கிறார். ஆக்ராவில் பிறந்து, கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவர். இரண்டு பிள்ளைகள். வீட்டில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூளையில் ரத்தக்கட்டு இருப்பது தெரிந்து, மருந்து மாத்திரை என்று ஆகி, உடம்பும் பருத்துவிட்டது. முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவர் முதன்முதலாக ஜிம்முக்குள் காலெடுத்து வைத்தார். ஏழே மாதத்தில் 24 கிலோ குறைத்தார். பிறகு சொந்தமாக ஜிம் தொடங்கினார். 2013-இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியா சார்பில் மேடையேறி ஆறாம் இடம் பிடித்தார். இன்றைக்குப் பெரிய நடிகர் நடிகைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

அவர் மட்டும்தானா என்றால், இல்லை. மணிப்பூரின் மமோதா தேவி, சரிதா தேவி போன்றவர்கள் இந்தியாவுக்காக வெளிநாட்டு மேடைகளில் நின்றவர்கள். நம் தமிழ்நாட்டிலேயே, திருப்பத்தூர் பக்கம் தோல் கம்பெனியில் வேலை பார்த்த, இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் தென்னிந்தியப் போட்டியில் தங்கம் வாங்கியிருக்கிறார். உலக அளவில் பெண்களுக்கான மிஸ் ஒலிம்பியா போட்டி 1980-இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஐரிஸ் கைல் அதில் பத்து முறை வென்றார். 2014-க்குப் பிறகு அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள், 2020-இல்தான் மறுபடி தொடங்கினார்கள். ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தசை இருக்கலாம் என்று அங்கேயும் ஓயாத வாதம்தான். நம் ஊரில் "ஏட்டி, ஒனக்கு எதுக்கு இது?" என்று கேட்பார்கள். அவர்கள் ஊரில் அதையே இங்கிலீஷில் கேட்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போட்டி மேடையின் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டிக்கு முந்தைய சில மாதங்கள் சாப்பாட்டை அளந்து அளந்து குறைத்து, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைக் கரைப்பார்கள். கொழுப்பு ரொம்பக் குறைந்தால் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும். மேடையில் நாம் பார்ப்பது ஒருநாள் உடம்பு. வருஷம் முழுக்க அப்படி இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. அதனால் உங்களை எல்லாம் மேடையேறச் சொல்லி நான் கூப்பிடவில்லை. அந்த மேடைக்குப் போகும் பாதையின் முதல் பத்து அடி இருக்கிறதே, எடை தூக்குவதும் ஒழுங்காகச் சாப்பிடுவதும், அது நம் எல்லோருக்கும் வேண்டும் என்கிறேன்.

ஏன் வேண்டும்? முப்பது வயதுக்கு மேல், ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேய்கிறது. என் அம்மா 71 வயதில் குறுக்குத்துறைப் படித்துறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் எழுந்து நடக்கத் தொடையில் பலம் இல்லை. ஆற்றுக்குத் தினமும் நடந்தே போன மனுஷி, கடைசி இரண்டு வருஷமும் கட்டிலை விட்டு இறங்க என் தோளைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் நான் டம்பெல்லைக் கையில் எடுத்தேன். அப்போது எனக்கு வயது 44.

எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவோமா என்று மதினி ஒருத்தர் கேட்டார். ஆக மாட்டோம். தசையைப் பெரிதாக்கும் டெஸ்டோஸ்டிரோன் நம் உடம்பில் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. குரல் கட்டையாவது, முகத்தில் முடி வளர்வது எல்லாம் ஸ்டீராய்டு ஊசி போடுவதால் வருவது. அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம். உடைந்த குரல் பிறகு திரும்பாது.

பெண் எடை தூக்குவது நம் ஜில்லாவுக்குப் புதிதும் இல்லை. வள்ளியூர் பக்கம் வடலிவிளை கிராமத்தில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கும். அதில் பெண்களும் தூக்குகிறார்கள். பிடிமானமே இல்லாத உருண்டைக் கல். குனிந்து எடுத்து, முழங்காலில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். அம்பாசமுத்திரம் வயலில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவர்களையும், தலையில் கட்டுச் சுமந்து வரப்பில் நடக்கிறவர்களையும் பார்த்துத்தானே வளர்ந்தோம்? வேலைக்கு என்றால் பெண் எவ்வளவு பாரமும் தூக்கலாம். தன் உடம்புக்காகத் தூக்கினால் மட்டும் ஏன் ஆச்சரியம்?

சாப்பாட்டுக்கு டப்பா பவுடர் தேடி அலைய வேண்டாம். வயதுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த ஊர் இது. கருப்பு உளுந்து போட்ட உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் நம் வீட்டுச் சாப்பாடு. 100 கிராம் உளுந்தில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். தூத்துக்குடியிலிருந்து சாளை மீன் வருகிறது. அந்தக் களியைப் பூப்பெய்திய வீட்டோடு நிறுத்திவிட்டோம். ஐம்பது வயதுக்காரிக்கும் அது வேண்டும். சிறுநீரகத் தொந்தரவு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்குவது எளிது. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருங்கள். சுவரில் கையை ஊன்றித் தள்ளுங்கள். இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குங்கள். வாரம் இரண்டு நாள், நடுவில் ஓய்வு. எளிதாகிவிட்டால் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். பாடிபில்டிங்கின் ரகசியமே அந்தக் 'கொஞ்சம் கூட்டுவது'தான். ரத்த அழுத்தம், இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நம் சங்கக் கட்டடத்தின் மாடி அறையில் பார்பெல், டம்பெல், பெஞ்ச் எல்லாம் இருக்கின்றன. எல்லா வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்திலும் வாங்கியவை. காலையிலும் மாலையிலும் பையன்கள் வருகிறார்கள், சந்தோஷம். அவர்கள் நடுவில் போய் நிற்க நம்மில் பலருக்குக் கூச்சம். காலை 10 முதல் 11 வரை அந்த அறை பூட்டியே கிடக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்கித் தரும்படி அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறோம். சங்கத்துக்குச் செலவு எதுவும் இல்லை, ஒரு சாவி கொடுத்தால் போதும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாட்ச்மேன் அறையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இதுவரை நான்கு பெயர் இருக்கிறது. அதில் ஒருவருக்கு வயது 68.