பாட்டி பெட்டியில் என்ன இருக்கு?
(திருவதிகை உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

தாய் தகப்பனை இழந்த தம்பியை ஆளாக்கிய திலகவதியார் தொண்டு செய்த ஊர் நம்ம திருவதிகை. பிள்ளை வளர்ப்பு நமக்குப் புதுசா என்ன? ஆனாலும் ஒரு விஷயம் பேசணும்.

மகளுக்கு வளைகாப்பு முடிந்ததுமே நாம பெட்டியைத் திறந்து பழைய நூல் புடவை, வேட்டியெல்லாம் எடுக்கிறோம். வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, சதுரமாகக் கிழித்து ஓரம் தைக்கிறோம். தூளிக்கு ஒரு புடவை தனியா. பழந்துணி உறுத்தாது, ஈரத்தை இழுக்கும். கடையில் இதுக்கு ஈடு ஏது?

அதே பெட்டியில் வசம்பு, மாசிக்காய், கண்மையும் இருக்கே, அங்கேதான் கையை நிறுத்தணும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கணும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், உரை மருந்து எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயசுக்குட்பட்ட குழந்தையின் உயிருக்கே ஆபத்து. சில கண்மையில் ஈயம் கலந்திருக்கு. தொப்புளில் எதையும் வைக்காம உலர விடுங்க.

"நாமெல்லாம் அதைக் குடிச்சு வளரலையா?" என்பீங்க. வளர்ந்தவங்கதானே இங்கே உட்கார்ந்து கேட்கிறோம்! தவறிப்போன பிள்ளைகள் வந்து கேட்குமா?

சேனை வைக்க வரும் பெரியவங்ககிட்ட, நாக்கில் எதையும் தடவ வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. பிரசவித்த பெண்ணால் அதைச் சொல்ல முடியாது. பாட்டியான நாமதான் சொல்லணும்.