கருவியில் பொறித்த பெயர்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



விஞ்ஞான வரலாறு என்றவுடன் கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. அவர்கள் கையில் இருந்த கருவியைச் செய்தவர் யார் என்று நாங்கள் எழுதிய எந்தப் பரீட்சையிலும் வினா வந்ததில்லை. கடலோடிகளுக்குக் கருவி செய்த இலண்டன் கடைக்காரர் இருவரைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலாமவர் ஜெசி ராம்ஸ்டன். 18ஆம் நூற்றாண்டில் நடுக்கடலில் நெடுங்கோட்டைக் காண்பதற்கு ஒரு வழி, சந்திரனுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடைப்பட்ட கோணத்தைச் செக்ஸ்ரன்ற் கருவியால் அளப்பது. அந்த அளவீட்டில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு, பிழைத்தால் நெடுங்கோடு ஏறத்தாழ அரைப் பாகை பிழைக்கும். மத்தியகோட்டருகே அது சுமார் 30 கடல் மைல். ஆகவே பித்தளை வில்லில் கோடுகளைச் சரியாகக் கீறுவதிலேயே கப்பலின் கதி தங்கியிருந்தது. அதைக் கையாலேயே கீறிவந்தார்கள். ராம்ஸ்டன் 1770களில் இதற்கொரு பொறி செய்தார். 45 அங்குல விட்டமுள்ள சக்கரம், அதன் விளிம்பில் 2160 பற்கள், அவற்றோடு பொருந்தும் ஒரு திருகாணி. திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் 10 கலை நகரும். (தங்கைமார் பெருக்கிப் பாருங்கள், ஒரு முழு வட்டம் வரும்.) செய்முறை வகுப்பில் நீங்கள் பிடிக்கும் திருகுக் கணிச்சியிலும் திருகாணிதான் இந்த வேலையைச் செய்கிறது.

பிரித்தானிய நெடுங்கோட்டுச் சபை அவருக்கு 615 பவுண் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: பிற கருவியாளர்களுக்கும் அந்த முறையைக் கற்பிக்க வேண்டும், அவர்களுடைய செக்ஸ்ரன்றுகளுக்கும் ஒன்றுக்கு ஆறு சிலிங் கூலியில் கோடு கீறிக் கொடுக்க வேண்டும். பொறியைவிட இந்த நிபந்தனைதான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

இரண்டாமவர் ஜெனற் ரெய்லர். 1804இல் இங்கிலாந்தின் டர்கம் பகுதியிலுள்ள வொல்சிங்கத்தில், பள்ளி ஆசிரியராகவும் இருந்த ஒரு மதகுருவுக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் அவருக்கு அரச உதவியில் ஓர் இடம் கிடைத்தது. கிடைத்தது பெண்களுக்குப் பூத்தையல் பழக்கும் பள்ளியில்! கணிதத்தையும் கடலோடும் கலையையும் தந்தையிடமிருந்து பெற்றார். 1830இல், மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருந்த ஜோர்ஜ் ரெய்லரை மணந்தார். இலண்டன் மைனொறிஸ் தெருவில் மாலுமிகளுக்கான பள்ளிக்கூடமும் கருவிக் கடையும் நடத்தினார். 1833இல் அவருடைய கணிப்பு அட்டவணைகள் நூலாக வந்தன. பூமி முழுக்கோளம் அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதைக் கணக்கில் சேர்த்தவை அவை. பிரஷ்யா, ஒல்லாந்து மன்னர்கள் பொற்பதக்கம் அனுப்பினார்கள்.

1834இல் பல கருவிகளின் வேலையை ஒன்றாகச் செய்யும் ஒரு கணிகருவிக்குக் காப்புரிமை பெற்றார். கடற்படைத் திணைக்களம் அதை ஏற்கவில்லை. மாலுமிகளின் முரட்டு விரல்களுக்கு அது ஒத்துவராது என்பது அவர்கள் சொன்ன காரணம். பெண் என்பதால் தள்ளிவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது எங்களுக்கு இலகு. ஆனால் ஆடும் தளத்தில், நனைந்த கையால் பிடிக்கும் கருவிக்கு அது நியாயமான மறுப்பு என்றே நினைக்கிறோம். அவருடைய பெரிய வேலை பிறகுதான் வந்தது.

மரக்கப்பல் போய் இரும்புக்கப்பல் வந்த காலம் அது. தளத்தில் கிடத்திச் சம்மட்டியால் அடித்துக் கட்டும்போது, பூமியின் காந்தப்புலத்தில் கப்பலின் உடலே ஒரு காந்தமாகிவிடும். திசையறிகருவி வடக்கை விட்டுக் கப்பலைப் பார்க்கும். 1838இல் வானியலாளர் எயரி, ‘ரெயின்போ’ என்ற கப்பலில், கருவியருகே காந்தங்களையும் மெல்லிரும்பையும் வைத்து இதைத் திருத்தும் முறையைக் காட்டினார். முறையைக் காட்டுவது வேறு, கப்பல் கப்பலாகச் செய்வது வேறு. கப்பலை ஒவ்வொரு திசைக்கும் திருப்பி நிறுத்தி, கரையில் தெரிந்த ஓர் அடையாளத்தோடு ஒப்பிட்டு, வழுவைக் குறித்து, காந்தங்களை நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். இலண்டன் துறைகளில் அந்த வேலையை ஏற்றுச் செய்தவர்களில் ஜெனற் ரெய்லரும் ஒருவர்.

வழு திருந்தாவிட்டால் என்ன நடக்கும்? 1854 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து மெல்பேர்ணுக்கு முதற்பயணம் புறப்பட்ட ‘ரெய்லூர்’ என்ற இரும்புக்கப்பல் (பெயர் ஒத்திருப்பது தற்செயல்) தெற்கே போகிறோம் என்று நம்பி மேற்கே போய், அயர்லாந்தின் லம்பே தீவுப் பாறையில் மோதியது. அதன் திசையறிகருவிகள் பிழையாகக் காட்டியிருந்தன. 300க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலில் இருந்த 100க்கு மேற்பட்ட பெண்களில் மூவரே தப்பினர்.

1860இல் அரசு ஜெனற் ரெய்லருக்கு ஆண்டுக்கு 50 பவுண் உதவிப்பணம் கொடுத்தது. 1870இல் இறந்தார். மரணப் பதிவில் தொழில் என்ற இடத்தில் ‘கடலோடும் கலையின் ஆசிரியை’ என்று எழுதியிருக்கிறார்கள். கருவி செய்தவர் என்று இல்லை.

இனி எங்கள் விண்ணப்பம். எங்கள் ஆய்வுகூட அலுமாரிகளில் பழைய தராசுகள், நுணுக்குக்காட்டிகள், கல்வனோமானிகள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றின் பித்தளையில் செய்தவர் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். கழிவுப்பொருளாகப் போவதற்குமுன் ஒவ்வொன்றையும் துடைத்து, பெயரை வாசித்து, பட்டியல் எழுதும் வேலையை நூற்றாண்டு ஆண்டில் தொடங்குகிறோம். அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பௌதிகவியல் ஆய்வுகூடம் திறந்திருக்கும். பழைய துணியும் பூதக்கண்ணாடியும் கொண்டுவாருங்கள்.