கைநாட்டுக்கு முன் ஒரு கணக்கு

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் தோட்டங்கள் பலவற்றில் இப்போது ஒரே பேச்சு. "மலையைப் பிரித்துத் தருகிறோம். நீங்களே பராமரியுங்கள், கொழுந்தைக் கிலோ கணக்கில் எங்களுக்கே கொடுங்கள்" என்கிறது நிர்வாகம். வருமானப் பகிர்வு என்றும் வெளியார் உற்பத்தி முறை என்றும் இதற்குப் பெயர் சொல்கிறார்கள். சேர்வதா, நாட்சம்பளத்திலேயே இருப்பதா? "சங்கம் என்ன சொல்லுது?" என்று லயத்துக்கு லயம் கேட்கிறார்கள். சங்கம் சட்டத்தை எடுத்துச் சொல்லும், பேச்சுவார்த்தையில் உட்காரும். ஆனால் கைநாட்டு வைக்கப்போவது ஒவ்வொரு குடும்பமும்தான். ஆகவே இப்படிப்பட்ட முடிவை எப்படி எடுப்பது என்று இன்று பேசுவோம்.

முதலாவது, பிரட்டுக்களத்தில் நின்றபடி எதற்கும் சம்மதம் சொல்ல வேண்டாம். உடன்படிக்கையின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோவோம். படித்த பிள்ளை ஒன்று அதைச் சத்தமாக வாசிக்கட்டும். விளங்காத வரிக்குக் கீழே கோடு போடுவோம். நாளைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாருடையது என்று கேட்போம்.

இரண்டாவது, குறைந்த மாதத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். நமக்குக் காட்டுவது மழைக்குப் பிறகு கொழுந்து கொட்டும் மாதத்தின் கணக்காக இருக்கும். வரட்சி மாதத்தில் எத்தனை கிலோ? கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதம் கொழுந்தே இருக்காது. அப்போது அடுப்பு எப்படி எரியும்? உரம், மருந்து, புல்வெட்டு யார் செலவு? எடையில் எவ்வளவு கழிப்பார்கள்? கொழும்பு ஏலத்தில் விலை விழுந்தால் கிலோ விலையும் விழுமா? ஒரு கொப்பியில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு என்று எழுதுவோம்.

மூன்றாவது, கைக்கு வராத காசையும் கணக்கில் சேர்ப்போம். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிப்பது 8 வீதம், அதாவது 108 ரூபாய். நிர்வாகம் தன் பங்காகப் போடுவது 12 வீதம், 162 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், 40 ரூபாய் 50 சதம். ஆக ஒரு பேருக்கு நிர்வாகத்தின் பங்கு மட்டும் 202 ரூபாய் 50 சதம். மாதம் 20 பேர் விழுந்தால் 4,050 ரூபாய். இதோடு சேவைக்காலப் பணமும் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடமாவது வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம் வரவேண்டும். 1,350 ரூபாய்ப்படி 20 வருடச் சேவைக்கு அது 3 இலட்சத்து 78 ஆயிரம் ரூபாய். புதிய முறையில் இவை தொடருமா, பழைய சேவைக்காலம் என்னாகும் என்பதற்கு வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

நான்காவது, திரும்பி வர வழி இருக்கிறதா என்று பார்ப்போம். ஆறு மாதம் பார்த்துவிட்டு நாட்சம்பளத்துக்குத் திரும்பலாம் என்றால் அது முயன்று பார்க்கக்கூடிய காரியம். செக்ரோலிலிருந்து பெயர் போய்விட்டால் திரும்ப முடியாது என்றால், அதற்கு நூறு மடங்கு யோசனை வேண்டும்.

ஐந்தாவது, கொழுந்து பறிக்கும் கையைக் கேட்காமல் முடிவு எடுக்கக் கூடாது. ஆண்கள் கூடிப் பேசிக் கையெழுத்துப் போட்டால், கூடையைச் சுமக்கப்போவது பெண்கள். வீட்டில் ஆள் போதாவிட்டால் பிள்ளையின் கையும் மலைக்குப் போகும். கொழுந்துக் காலத்தில் வகுப்பில் எந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியும். அந்த நட்டத்தையும் வலப்பக்கத்தில் எழுதுங்கள்.

எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே விடை இருக்காது. உழைக்க நாலு கை, நல்ல செடி, பக்கத்திலேயே மலை என்றிருக்கும் வீட்டுக்கு இந்த முறை ஒத்துவரலாம். வயதான தாயும் ஒரே மகளும் உள்ள வீட்டுக்கு ஒத்துவராமல் போகலாம். அதற்காக ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்தவர் என்று ஏச வேண்டாம். ஆனால் விலை, எடை, நிதி, திரும்பி வரும் உரிமை ஆகிய நாலையும் தனித்தனியே கேட்டால் கிடைக்காது. சேர்ந்துதான் கேட்க வேண்டும். கமிட்டி கூடும்போது தலைவர் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

தலைவர்களே, தலைவிமாரே, அடுத்த கூட்டத்துக்கு உங்கள் தோட்டத்திலிருந்து மூன்று வீட்டுக் கணக்குக் கொப்பியோடு வாருங்கள். அவற்றை வைத்து நம் கோரிக்கையை எழுதுவோம். அதற்கு எழுத்தில் பதில் வரும்வரை யாரும் கைநாட்டு வைக்க வேண்டாம்.